குறையில்லாத பாட்டில்

அந்த டைல்ஸ் ஆலையில் 'பூதக்கண்ணாடி' என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேனே கொஞ்சம் யோசிப்பார். சூளையிலிருந்து வெந்து வருகிற டைல்ஸைக் குறை பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. முனை உடைந்தது, நிறம் மாறியது, ஊசிமுனை அளவுக்குப் புள்ளி விழுந்தது எல்லாம் தனியே போக வேண்டும். சந்தேகம் வந்தால் கையில் எடுத்து, விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். அப்படி ஒன்று அகப்பட்டுவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க மனிதர் சீட்டியடித்துக்கொண்டே திரிவார்.

சம்பளம் வாங்கித் தருகிற கண்ணை ஆலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? வீட்டுக்கும் அது கூடவே வந்தது. வீட்டுத் தரை முழுக்க ஆலையில் கழித்துப் போட்ட டைல்ஸ். எதில் என்ன குறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஃப்ரிட்ஜ் கதவில் சொட்டை, அதனால் மலிவு. சட்டையில் தையல் கோணல், அதனால் மலிவு. மலிவாகக் கிடைக்கிற எதிலும் எங்கேயோ ஓர் ஓட்டை இருந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த ஓட்டை கண்ணில் பட்டுவிட்டால் நிம்மதியாகக் காசை எடுத்து வைப்பார்.

கல்யாணமான புதிதில் மனைவியையும் விட்டுவைக்கவில்லை. "வசதியான இடமெல்லாம் உன்னைக் கேட்டு வந்தாங்களே, என்னை ஏன் கட்டிக்கிட்டே?" என்று அடிக்கடி கேட்பார். "புடிச்சிருந்துச்சு, கட்டிக்கிட்டேன்" என்பாள். அந்தப் பதில் இன்று வரை அவர் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்கிற ஜாதியும் இல்லை அவள். ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். ஆலைக்குப் பெரிய ஏற்றுமதி ஆர்டர் கிடைத்தபோது முதலாளி எல்லோரையும் குடும்பத்தோடு அழைத்து ஒரு விருந்து வைத்தார். அதில் பிரான்ஸ் நாட்டு வெள்ளை ஒயினை ஆளுக்கொரு வாய் ஊற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "இன்னொரு தடவை குடிக்கணும் போல இருக்குங்க, ஆற அமர" என்றாள். மறுநாள் கடையில் விலையைக் கேட்ட பூதக்கண்ணாடி, கேட்ட வேகத்திலேயே வெளியே வந்துவிட்டார்.

அதே பாட்டில், அதே மஞ்சள் லேபிள், இப்போது வீட்டருகே ஒயினும் விற்கிற சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடிக் கூடையில் கிடந்தது. பழைய விலையை அடித்துவிட்டுக் கால்வாசி விலை போட்டிருந்தார்கள். கல்யாண நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு தடவையாவது அவளுக்குச் சொட்டையில்லாத ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை. ஆனால் பாட்டிலை எடுத்த கை பில் போடும் இடத்துக்கு நகர மாட்டேன் என்றது.

"இதுல என்ன கோளாறு?" என்று மேனேஜரைப் பிடித்தார்.

"ஒரு கோளாறும் இல்ல சார். இந்தப் பக்கம் யாரும் வாங்குறதில்ல. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, அதான் தள்ளிவிடுறோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

வாங்கினார். ஆனால் நிம்மதி போயிற்று. வீட்டில் ட்யூப்லைட்டுக்கு அடியில் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். பஸ் பிடித்து ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய கடைக்குப் போய், முழு விலைக்கு நிற்கிற பாட்டிலோடு ஒப்பிட்டார். அதே வருஷம், அதே மூடி, அதே அளவு. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஏமாற்றுகிறான் என்று தெரிகிறது, எங்கே ஏமாற்றுகிறான் என்று பிடிபடவில்லை!

கல்யாண நாள் வந்தது. அவள் மீன் பொரித்து, நல்ல புடவை கட்டி, கண்ணாடித் தம்ளர் இரண்டைத் துடைத்து வைத்தாள். பாட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து சில்லென்று வந்தது. திறந்து, அவள் தம்ளரில் முதலில் ஊற்றினார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல்ல பச்சை ஆப்பிள் கடிச்ச மாதிரி இருக்குங்க. அப்புறம் மழை பட்ட கல்லு வாசனை வருது."

அவர் கேட்டால்தானே? பிடுங்கிய கார்க்கை வெளிச்சத்தில் பிடித்திருந்தார். அடியில் பொடிப் பொடியாக என்னவோ மின்னியது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அதன் அடியிலும் அதே மினுமினுப்பு.

"கண்ணாடித் தூளு! அதானே பார்த்தேன்! சும்மாவா கால் விலைக்குக் கொடுப்பான்? குடிக்காதே, துப்பு!"

"இருங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"இதுல என்ன கேக்குறது?"

பாட்டிலோடு சமையலறைக்கு ஓடி, சிங்க்கில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிய பிறகுதான் கடைக்குப் போன் போட்டார், சண்டை பிடிக்க.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அது கண்ணாடி இல்ல சார். திராட்சையிலயே இருக்குற உப்பு. குளிர்ல வச்சா கல்கண்டு மாதிரி உறையும், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. நல்ல ஒயின்லயும் வரும் சார். விரல்ல வச்சு நசுக்கிப் பாருங்க."

கார்க்கில் ஒட்டியிருந்ததை எடுத்து நசுக்கினார். பொடிந்தது. நாக்கில் வைத்தார். புளித்தது. அவருக்குக் கிடைத்த ஒயின் அவ்வளவுதான். மண்டையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வந்தபோது அவள் நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். தம்ளரில் ஒரு வாய்தான் மிச்சம்.

"உப்பாம்" என்றார்.

"கேட்டுச்சு."

"இன்னொண்ணு கிடைக்குதான்னு பார்க்கிறேன்ம்மா."

"வேணாம். கார்க்கைப் பார்த்தப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். எத்தனை சந்தோஷம்! நான் குடிச்சு நல்லா இருக்குன்னு சொன்னப்ப வராத சந்தோஷம்."

அவர் கையிலிருந்த கார்க்கை மேஜையில் வைத்தார்.

"எங்கிட்டயும் இத்தனை வருஷமாத் தேடிக்கிட்டுத்தானே இருக்கீங்க? கிடைச்சா சொல்லுங்க. என்னையும் சிங்க்ல ஊத்திடலாம்."

மிச்சமிருந்ததையும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவப் போனாள். அவர் நாக்கில் இன்னும் புளிப்பு இருந்தது. மீன் ஆறிக்கொண்டிருந்தது.