இடது கைக்குப் புத்தூர் கட்டு

என் மகளுக்குக் கை முறியவே இல்லை. ஆந்திர எல்லையோரம் நகரியில் எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் முறிந்தது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைக்க வைத்தவள் நான். எனக்கு வாய் ஜாஸ்தி என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே பேர். யார் தப்பு செய்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். என் தப்பை மட்டும் எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் நாலு பவர்லூம் ஓட்டுகிறோம். தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஒரு மத்தியானம் கரண்ட் போன பிறகுதான் செல்போனைப் பார்த்தேன். ஹாஸ்டல் வார்டன் விடாமல் அடித்திருக்கிறார். திரும்பக் கூப்பிட்டபோது, "மீ அம்மாயி, உங்க பொண்ணு, மூணு நாளா துன்னலம்மா. கூட இருக்கிற பிள்ளைங்களைப் பாத்தா பயப்படுது. வந்து கூட்டிக்கினு போங்க" என்றார்.

போனேன். இடது கையைத் துப்பட்டாவால் சுற்றி வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டிலின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் காதோரம் வந்து சொன்னாள்: "தூங்கும்போது இந்தக் கையில இன்னாவோ வெச்சுத் தெச்சுட்டாங்கம்மா. நான் நெனைக்கிறது அல்லாம் அது வழியா அவங்களுக்குக் கேக்குது." துப்பட்டாவை உருவிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொசு கடித்த தடம்கூட இல்லை. "போடி பைத்தியக்காரி" என்றேன். தறியைப் பார்த்தும் சொல்வேன், பூனையைப் பார்த்தும் சொல்வேன், அன்றாடம் வாயில் புழங்குகிற வார்த்தை அது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

லீவுக்கு வந்திருக்கிறாள் என்று அவளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒரு மாதத்தைத் தாயத்து, மந்திரித்த எலுமிச்சம்பழம் என்று வீணடித்தேன். பிறகு திருப்பதியில் ஒரு மனநல டாக்டரிடம் கொண்டுபோனோம். என்னைவிட வயதில் சின்னவர். வார்டில் சேர்க்கச் சொன்னார். மூன்று வாரம் நான் கூடவே இருந்தேன். நர்சுகள் கொடுக்கிற மாத்திரையை அவள் தட்டிவிடுவாள். அதையே வாங்கி என் கையால் கொடுத்தால் விழுங்குவாள். தண்ணீரும் அப்படித்தான், நான் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும், அப்புறம் குடிப்பாள்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார். "இது வியாதிம்மா. மாத்திரை கேட்கும், ஆனா மெதுவாத்தான் கேட்கும். கையில ஒண்ணு இருக்குன்னு அவ சொன்னா ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லைன்னு சண்டையும் போடாதீங்க. ஆனா பொய் மட்டும் வேணாம். இந்த உலகத்துல இப்ப அவ நம்புற ஒரே ஆள் நீங்க. உங்களையும் நம்பலைன்னா மாத்திரையும் நின்னுடும்." நான் தலையை ஆட்டினேன். இதில் என்ன கஷ்டம், பெற்ற பெண்ணிடம் நான் எதற்குப் பொய் சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் வீட்டுக்காரர் போன் செய்தார். "தெருவுல கேட்டுக்கினே கீறாங்கடி. மூணு வாரமா தறி ரெண்டு நிக்குது, பொண்டாட்டி எங்கன்றாங்க. நான் இன்னாத்த சொல்றது?"

"பொண்ணு ஹாஸ்டல் மாடிப்படியில விழுந்து கை முறிஞ்சுடுச்சு, புத்தூர்ல கட்டுப் போட்டுக்கினு கீறோம்னு சொல்லு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. தானாக வந்தது.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர்தான். எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் அங்கே கட்டுப் போட வருவார்கள். பச்சிலை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். அந்தப் பச்சைக் கறையோடும் முட்டைக் கவிச்சியோடும் ஒருவர் பஸ்ஸில் ஏறினால் ரெண்டு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். இரண்டாவது கேள்வி யாரும் கேட்கமாட்டார்கள். மனசு முறிந்த பிள்ளைக்கு எவன் எழுந்து இடம் கொடுக்கிறான்? பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் என்று ஒன்று ஆகவேண்டாமா, இதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லியாகிவிட்டது. கட்டு இல்லாமல் வீட்டுக்குப் போகமுடியாது. புத்தூரில் இறங்கினோம். கட்டுப் போடுகிற ஒரு பெரியவரிடம் கூட்டிப்போய், பெண் விழுந்துவிட்டாள் என்றேன். அவர் அவள் தோளிலிருந்து விரல் நுனிவரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏமி லேதம்மா. எலும்பு சுத்தமா கீது. எதுக்குக் கட்டு?" என்றார். சும்மா ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள், கேட்டதைக் கொடுக்கிறேன் என்றேன். அந்த மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார். அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. கடையில் துணியும் இரண்டு முட்டையும் வாங்கினேன். ஒரு பழக்காரம்மாவிடம் ஓட்டைக்கூடை ஒன்றைக் கேட்டு வாங்கி மூங்கிலைப் பிய்த்தேன். ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் அவளை உட்காரவைத்து, அங்கே வேலியோரம் கிடைத்த இலையைக் கல்லில் நசுக்கினேன். வலது கை சாப்பிடுகிற கை, அதனால் இடது கையை நீட்டச் சொன்னேன். அதே கை. எனக்குத் தெரியாதா? இரண்டு மாதமாக அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த கை எது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கு எனக்குத் தெரு மட்டும்தான் தெரிந்தது.

"எதுக்கும்மா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான். ஆளுங்க கேட்டா சொல்றதுக்கு ஒண்ணு வேணும் இல்ல."

அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உள்ள ஒண்ணு கீதுன்னு உனக்கும் தெரியுமா?"

நகரிப் பக்கம் போகிற ரயில் வருகிற நேரம். நாலு பேர் பார்ப்பதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரம் எனக்கு. "பேசாம கைய நீட்டு" என்றேன். நீட்டினாள். நான் இறுக்கிக் கட்டினேன். தறிக்காரி கட்டுகிற கட்டு, அவிழாது.

தெருவில் என் பொய் நன்றாகவே ஓடியது. ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார்கள், ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பின்தெருவில் இருக்கிற ஒருத்தி மட்டும் மூன்று தடவை வந்தாள். "எத்தினி கட்டுக்கா? வாரத்துக்கு ஒருக்கா மாத்தணுமா? சிம்பு எங்கேர்ந்து எங்க வரைக்கும் வெச்சாங்க?" என்று துருவித் துருவிக் கேட்டாள். கட்டைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தேன். புளுகுவது என்று ஆன பிறகு அரைகுறையாக ஏன் என்று, எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன்.

மகள் என் கையால் மாத்திரையை வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். முன்பு முகத்தைப் பார்த்து வாங்குவாள், இப்போது முகத்தைப் பார்ப்பதில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் தறிக்குக் கீழே கழிவு நூலைப் பெருக்கி அள்ளும்போது அதற்குள் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தன. பாதி கரைந்த மாத்திரைகள். நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பியிருக்கிறாள். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. கையில் நூலோடு அவளைத் தேடி உள்ளே ஓடினேன். நூல் வெட்டுகிற கத்தரிக்கோலால் கட்டை அறுத்துப் போட்டிருந்தாள். கட்டோடு நிறுத்தவில்லை. "நீ வெச்சு மூடினத நான் எடுத்துக்கறேன்" என்றாள். கத்தவில்லை, அழவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நல்லவேளை, ஆழமாகப் படவில்லை. ஆட்டோ வைத்துத் திருப்பதிக்கு ஓடினோம். அதே வார்டு, அதே டாக்டர். கைக்கு மருந்து போட்டபோது அறுந்த துணியும் பச்சைக் கறையும் இருந்ததைப் பார்த்து, "இந்தக் கட்டு எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். இரண்டு அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் பேனாவை மூடி வைத்தார். "மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்மா. இந்தத் தடவை உங்களை வெச்சு ஆரம்பிக்க முடியாது" என்றார்.

முடியவில்லைதான். நான் கொடுத்தால் தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். உறை பிரிக்காத பிஸ்கட்டும் மூடி திறக்காத பாட்டிலும் மட்டும். ஒரு நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல மெல்லப் பேசி அவளைச் சாப்பிட வைத்தார். வாசலுக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் பெண் சாப்பிடுவதை ஒளிந்து நின்று பார்க்கிற நிலைமைக்கு என்னை யாரும் தள்ளவில்லை, நானேதான் போய் விழுந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் ரொம்ப நாள் அவளே தனியாகச் சோறு வடித்துத் தின்றாள். மாத்திரை இந்த வீட்டில் நடக்காது என்று டாக்டர் ஊசிக்கு மாற்றினார். மாதம் ஒரு தடவை போய்ப் போட்டுக்கொண்டு வரவேண்டும். நர்சு கேட்பதற்கு முன்னாலேயே வலது கையை நீட்டுவாள்.

இப்போது பரவாயில்லை. கையில் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது. படிப்பைத் திரும்பத் தொடங்கியிருக்கிறாள். போன பொங்கலுக்கு என் கையால் வைத்த குழம்பை ஊற்றிக்கொண்டாள். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். ஒன்று மட்டும் பாக்கி. அந்தப் பிளாட்பாரத்தில் அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

போன மாதம் ஊசிக்காக இரண்டு பேரும் நகரியில் திருப்பதி பஸ் ஏறினோம். எங்களுக்குப் பின்னாலேயே அந்தப் பின்தெருக்காரி ஏறினாள். கூட அவள் மகன், இருபது இருபத்தொரு வயசுப் பையன். அவனுக்கு வலது முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கட்டு. பச்சைக் கறை, முட்டைக் கவிச்சி, எல்லாம் இருந்தது. ஆனால் அந்தக் காலை நன்றாக ஊன்றித்தான் அவன் படி ஏறினான்.

"புத்தூருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. கட்டு மாத்தணும். நீங்க?"

"நாங்களும் புத்தூர்தான். கைய ஒருக்கா காட்டிக்கினு வரலாம்னு."

பழக்கதோஷம். பக்கத்தில் மகள் இருக்கிறாள் என்பதுகூட நினைவில்லாமல் வந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

புத்தூர் வந்தது. "புத்தூரு, புத்தூரு" என்று கண்டக்டர் கூவினார். கட்டுப் போட்ட வேறு இரண்டு பேர் எங்களைத் தாண்டி இறங்கினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பின்தெருக்காரியும் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் மூன்று தடவை வந்து கேட்டது சந்தேகத்தில் இல்லை. கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள். சிம்பு எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வடமாலபேட்டை தாண்டும்வரை அவள் அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தாள், நான் இந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தேன். என் மகள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பையனுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"உனக்கு மாத்திரையா, ஊசியா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு, "மாத்திரை" என்றான்.

"மொதல்ல தூக்கமாத்தான் வரும். டாக்டர்கிட்ட சொல்லு, கொறைப்பாங்க. கால் வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்காத காலுக்குக் கட்டு வேணாம். அவுத்துடச் சொல்லு" என்றாள். அந்தப் பெண்ணிடமும் சொன்னாள்: "அவுத்துடுங்கக்கா. எனக்கு எங்கம்மா அவுக்கல. நானேதான் அவுத்துக்கினேன்."

அந்தப் பெண் மகனின் காலில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப உங்க பொண்ணுக்குக் கை முறியவே இல்லையாக்கா?"

என் மகளும் என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை அவள் முகத்தில். அன்றைக்குப் பிளாட்பாரத்தில் கையைப் பொத்தி வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாளே, அதே முகம். ஒரு வார்த்தைதான். இல்லை என்று சொன்னால் போதும். இத்தனை வருஷம் ஊரையே வாயால் அளந்தவள் நான்.

"ஸ்டாப்பிங் வந்துடுச்சு, பையை எடு" என்றேன்.