இன்டர்நெட் வேண்டாத பெட்டி

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் என்னவென்று எனக்கு ஒரு வெள்ளைப் பெட்டி காட்டியது. 

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு பள்ளம். பெரிய மழை என்றால் ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்து, தண்ணீர் நேராக எங்களைத்தான் விசாரிக்க வரும். அதற்கு முன்பே கரண்ட் போகும், பின்னாலேயே செல்போன் டவரும் படுத்துவிடும். ஏரி வழிவது கரையோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்களுக்குச் சொல்லத்தான் வழி கிடையாது. அதனால் ஏரிக்கரையிலிருந்து எங்கள் தெரு வரை பதினோரு மொட்டை மாடிகளில் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோப் பெட்டிகளை வைப்பது என்று முடிவு செய்தோம். ஒரு பெட்டி அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும், அது அதற்கடுத்ததற்கு. வீட்டில் இருப்பவர் போனில் ஒரு ஆப்பைத் திறந்து படிக்கலாம்.

ஏரிக்கரை வீடு என் நண்பனுடையது. பம்மலில் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பாகங்களை வாங்கி நாமே செய்துகொள்ளலாம், அதற்கான மென்பொருள் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற மாதிரி இலவசமாகவே கிடைக்கிறது என்றான். பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள் ஒன்று செய்தும் கொண்டுவந்தான். மதியச் சாப்பாடா என்று கேட்டுச் சிரித்தேன். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறவன் நான். பினிஷிங் இல்லாத பொருள் எனக்கு ஆகாது. கம்பெனிப் பெட்டியைத்தான் எல்லோரையும் வாங்க வைத்தேன். ஸ்க்ரூகூட வெளியே தெரியாது. அட்டையில் ‘இன்டர்நெட் தேவையில்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“உள்ள இன்னா கீதுன்னு தொறந்து பாக்க முடியாத பெட்டிய எப்டி மச்சான் நம்புற?” என்றான். கம்பெனிக்காரன் உன்னைவிட முட்டாளா என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சோதனை. இதை வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சோதனை ஆரம்பம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். பிறகு பெட்டி வழியாகச் செய்தி அனுப்புவேன். வந்துவிட்டது என்று எல்லா வீடும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும். ஒரு ஞாயிறுகூட, ஒருவர்கூட, போனில் டேட்டாவை அணைத்துப் பார்க்கவில்லை. நான் தரப் பரிசோதகனாம், தரம்!

மழைக்காலத்துக்கு முன்பு ஆப்பில் ஒரு அப்டேட் வந்தது. உங்கள் பாதுகாப்புக்காக என்றது. வயதானவர்கள் தடுமாறுவார்களே என்று நானே வீடு வீடாகப் போய் ‘சம்மதம்’ என்ற பட்டனை அமுக்கிக் கொடுத்தேன்.

எங்கள் கீழ்வீட்டு அக்காவின் போனிலும் அமுக்கினேன். அக்காவுக்கு ஆப் பார்க்க வராது, எதுவானாலும் என்னைத்தான் கேட்பார். அவர் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தவர். அந்த ஆண்டுதான் வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து வாசல்வரை நடக்க ஆரம்பித்திருந்தார். வாசலைத் தொட்டதும் அக்கா கைதட்டுவது மாடியில் எனக்குக் கேட்கும்.

அந்தப் பெருமழை நாளின் காலையில் அக்கா கையில் பையோடு நின்றார். குன்றத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வீட்டுக்காரரைக் கூட்டிப் போய்விடவா, ஆட்டோ இருக்கிறது என்று கேட்டார். இந்த மழையில் அவரை அலைக்கழிக்காதீர்கள் என்றேன். ஏரி வழிந்தால் செய்தி வரும், தண்ணீர் இங்கே வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும், அதற்குள் நிதானமாக மாடிக்கு ஏற்றிவிடலாம் என்றேன். அக்கா பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

பதினோரு மணிக்கு டவர் போனது. போகட்டுமே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆப்பைத் திறந்தேன். உங்கள் கணக்கைச் சரிபார்க்க இன்டர்நெட்டில் இணையுங்கள் என்றது. மூடித் திறந்தேன். போனையே அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே வரி. மொட்டை மாடிக்கு ஓடினேன். பெட்டியில் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

அப்போதே அவரை மேலே ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. பெட்டி வேலை செய்கிறதே, இந்த ஆப்பை மட்டும் வழிக்குக் கொண்டுவந்தால் போதும் என்று மூன்று மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். செய்தி வந்ததா என்று அக்கா படியடியிலிருந்து இரண்டு தடவை கேட்டார். இன்னும் வரவில்லை என்று சொன்னேன்.

இரண்டு மணிக்குத் தண்ணீர்தான் வந்தது. வாசல், கூடம், கட்டில் என்று கண்ணெதிரே ஏறியது. நாற்காலியில் உட்காரவைத்து நானும் அக்காவும் அவரைத் தூக்கினோம். மூன்றாவது படியில் என் கால் வழுக்கியது. அவர் இடுப்பு படியின் விளிம்பில் அடித்தது. அதற்குப் பிறகு அவர் எழுந்து நிற்கவில்லை.

டவர் திரும்பியது இரண்டு நாள் கழித்து. ஆப் தானாகத் திறந்துகொண்டது. பன்னிரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு நண்பன் அனுப்பிய செய்தி அதில் இருந்தது: கலங்கல் வழியுது, கீழ்வூட்டையெல்லாம் காலி பண்ணு. அவன் பக்கம் டவர் அப்போது உயிரோடு இருந்திருக்கிறது. செய்தி சேர்ந்துவிட்டது என்று அவனுக்கு டிக் விழுந்திருக்கிறது; நிம்மதியாக இருந்திருக்கிறான். சேர்ந்ததும் உண்மைதான். என் தலைக்கு மேல் இருந்த பெட்டியில் பத்திரமாகக் கிடந்திருக்கிறது.

கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். கணக்கைச் சரிபார்க்க இன்டர்நெட் வேண்டும் என்று அப்டேட்டிலேயே இருக்கிறது, நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள் சார் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னார். போனை வைத்ததும், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று மெசேஜ் வந்தது. துரோகிகள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேராகக் குன்றத்தூருக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே போய் அக்காவிடம் போனை நீட்டி, செய்தி வந்த நேரத்தைக் காட்டி, கம்பெனிக்காரன் செய்த அநியாயத்தை மூச்சு விடாமல் சொன்னேன். அக்கா போனைப் பார்க்கவில்லை. ஈரத்துணியால் அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கம்பெனி யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. ரெண்டு வாட்டி வந்து கேட்டேன். இன்னும் வரலன்னு சொன்னது நீதானே?”

போனைச் சட்டைப் பையில் போட்டேன். அவரை மறுபக்கம் புரட்ட வேண்டும், தோளைப் பிடி என்றார் அக்கா. பிடித்தேன்.