ஜூன் மாதத்து இருட்டு

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு ஊரில் பாதிப் பேரின் விலா எலும்பு தெரியும். முகம் மறந்துபோகுமாம், முதுகுத்தண்டு மறக்காதாம். பஸ்ஸில் யாராவது நின்றபடியே தூங்கி வழிந்தால், "அந்தக் கழுத்துக்கு அப்பவே பெல்ட் போடச் சொன்னாங்க, போட்டாத்தானே" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீட்டு மாடி அறை அவளுக்கு. அண்ணன் பிள்ளைகள் இரண்டும் அவள் இடுப்பிலேயே வளர்ந்து, இப்போது வெளியூரில் படிக்கிறார்கள். பாப்பாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது வாயெடுத்தால், அவர் கேட்டு முடிப்பதற்குள் அண்ணி பெருமூச்சு விட்டுவிடுவாள். "அவளுக்கு எங்கேங்க அமையுது?" வந்த சம்பந்தமெல்லாம் ஒரு காபியோடு திரும்பிப் போனது. தன் முகத்தில்தான் ஏதோ கோளாறு என்று பாப்பா கண்ணாடியைத் துருவித் துருவிப் பார்த்த வருஷங்கள் உண்டு.

உண்மை ஓர் உடைந்த மணிக்கட்டோடு வந்து சேர்ந்தது.

மணிக்கட்டுக்குச் சொந்தக்காரர் மீன் கம்பெனியின் குளிர்கிடங்கில் சூப்பர்வைசர். கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மறந்து திரிவதால் 'கம்பளி' என்று பெயர். கிடங்குத் தரையில் சறுக்கி விழுந்து வந்தவர், பாப்பாவைப் பார்த்ததும் வலியை மறந்து நெளிந்தார்.

"என்னைத் தெரியலையா? உங்களைப் பொண்ணு கேட்டு வந்தோமே, நானும் அம்மாவும்."

"வந்தீங்க. அப்புறம் ஆளையே காணோம்."

"உங்க அண்ணி வாசல் வரைக்கும் கூடவே வந்து அம்மா காதுல சொன்னாங்க. 'பொண்ணு எந்நேரமும் எக்ஸ்ரே ரூம்லயே கிடக்குறா, குழந்தை பிறக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டார், உங்ககிட்ட மறைக்க மனசு வரலை'ன்னு. அம்மா பயந்துட்டாங்க. நானும் வாயைத் திறக்கலை. அப்புறம் வேற பொண்ணும் பார்க்கலை."

எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை. அண்ணிக்கு வேண்டியிருந்தது பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்ப ஓர் ஆள். அந்த ஆளே சம்பளமும் கொண்டுவந்தால் யார்தான் அனுப்பி வைப்பார்கள்?

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றாள் பாப்பா. மணிக்கட்டுப் படத்துக்கு மூச்சைப் பிடிக்க வேண்டிய அவசியமே கிடையாது. கம்பளியின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வரும்வரை பிடிக்க வைத்தாள். அவர்மேல் இருந்த கோபம் அத்தோடு தீர்ந்தது. மாவுக்கட்டைப் பிரித்த கையோடு வந்து அவர் மறுபடியும் பெண் கேட்டார், இந்த முறை அவளிடமே. அவளும் சரி என்றாள். கல்யாணத்துக்கு நாளும் குறித்தார்கள்.

அண்ணி மேல் இருந்த கோபம் அப்படித் தீருகிற ரகமில்லை. அண்ணனிடம் போய்ச் சொன்னால், "அவளா? அவ தங்கம்டா பாப்பா! கழண்டுக்கிட்ட ஆள் இன்னைக்குக் கதை கட்டுறார்" என்று சிரித்துவிடுவார். அதனால் பாப்பாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அண்ணி தன் வாயாலேயே, அண்ணன் முன்னாலேயே, தான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அண்ணிக்கு ஓர் ஆசை உண்டு. பூமியின் வடக்கு முனையில், வானத்தில் யாரோ பச்சைப் புடவையை உதறிக் காயப்போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வருமே, அதைப் பார்க்க வேண்டும். பீரோக் கதவில் அந்தப் படம்தான். அண்ணன் ஒவ்வொரு கல்யாண நாளிலும் "அடுத்த வருஷம் கட்டாயம்" என்பார். அந்த வெளிச்சத்தைப் பற்றி அண்ணி படிக்காதது எதுவும் பாக்கியில்லை.

"தேனிலவுக்கு அங்கதான் போறோம். நாலே நாள்" என்றாள் பாப்பா, கம்பளியிடம்.

"காலம் பூரா ஃப்ரீசர்ல கிடக்குறேன். தேனிலவும் ஃப்ரீசர்லயா?"

"நான் காலம் பூரா இருட்டு ரூம்ல கிடக்குறேன். ரெண்டையும் சேர்த்தா அந்த ஊர்தான்."

அன்று முதல் சாப்பாட்டு மேஜையில் தினமும் தேனிலவுப் பேச்சுதான். கண்ணாடிக் கூரை போட்ட அறையாம், படுத்தபடியே வானத்தைப் பார்க்கலாமாம், நாய் இழுக்கும் வண்டியாம். பாப்பா ஒவ்வொரு வாய்க்கும் ஒன்று சொல்வாள். சொல்லிவிட்டு, "உங்களுக்குத் தெரியாததா அண்ணி?" என்று முடிப்பாள். அண்ணி தட்டில் சோற்றைப் பிசைந்த வேகத்தில் அது கூழாகி, கூழ் பசையாகி, சுவரொட்டி ஒட்டவே ஆகும் பதத்துக்கு வந்துவிட்டது.

ஒருநாள் பாப்பா கேட்டாள்: "எந்த மாசம் போனா நல்லாத் தெரியும் அண்ணி?"

அண்ணி தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரை மெல்ல வைத்தாள். "ஜூன்ல போ. குளிரும் கம்மி, வானமும் சுத்தமா இருக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கேட்டியா பாப்பா? வேற யார் இவ்வளவு அக்கறையாச் சொல்லுவா?" என்றார் அண்ணன்.

மறுநாள் டிராவல்ஸ் ஆபீசில் இருந்த பெண் ஜூன் என்றதும் பேனாவைக் கீழே போட்டுச் சிரித்தாள். "அக்கா, ஜூன்ல அங்க சூரியனே மறையாது. நடுராத்திரியும் பட்டப்பகல்தான். இருட்டே இல்லாம வெளிச்சத்தை எப்படிப் பார்ப்பீங்க? ஜூன்லதான் போவேன்னா புக் பண்ணித் தர்றேன், ஆனா பணம் திரும்பி வராது. வந்து என்னைத் திட்டக் கூடாது."

முதல் தடவை அண்ணி கெடுத்தது கல்யாணம். இரண்டாம் தடவை தேனிலவு. பாப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஜூன்லயே ரெண்டு டிக்கெட் போடும்மா. பேர் சொல்றேன், எழுதிக்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பளியும் சாப்பிட வந்திருந்தார். பாப்பா ஒரு கவரை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"எங்க தேனிலவு பிறகு. முதல்ல நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. அண்ணி ஆசைப்பட்ட ஊர். அண்ணி சொன்ன அதே மாசம்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் செய்யாததை நீ செஞ்சுட்டியே பாப்பா! ஏம்மா, பாரு, பச்சை வெளிச்சம்! இப்பவே பிள்ளைங்களுக்குப் போன் போடுறேன்."

அண்ணி கவரைப் பார்த்தாள். பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டு சிந்தாமல். வாயை மூடிக்கொண்டு போனால் இத்தனை வருஷத்து ஆசை வெயிலில் காய்ந்து போகும். திறந்தால் மானம் போகும். அண்ணன் போனைக் காதில் வைத்தபோது ஆசைதான் ஜெயித்தது.

"ஜூன் வேண்டாங்க" என்றாள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. "ஜூன்ல அங்க ராத்திரியே வராது. ஒண்ணும் தெரியாது."

அண்ணன் போனை இறக்கினார். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்று அண்ணி தலையாட்டினாள்.

"அப்போ பாப்பாவை ஏன் அந்த மாசம் போகச் சொன்னே?"

"அதை அப்புறம் கேக்கலாம் அண்ணா" என்றாள் பாப்பா. "அண்ணி, இவங்க அம்மாகிட்ட அன்னைக்கு வாசல்ல வெச்சு என்ன சொன்னீங்க? இவர் இங்கதான் இருக்கார். ஒரு எழுத்து மாறாமச் சொல்லுங்க."

கம்பளி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணி புருஷனைப் பார்த்தாள். வழக்கமாகத் துணைக்கு வருகிற அந்த முகம் இன்று வரவில்லை. சொன்னாள். எக்ஸ்ரே அறை, டாக்டர், குழந்தை, எல்லாம் சொன்னாள். "அவ போயிட்டா நான் தனியா எப்படிச் சமாளிப்பேன்னு பயமா இருந்துச்சு" என்று அழுதாள். பாப்பா அழவில்லை, தேற்றவும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையையும் மென்று விழுங்குகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு ருசியாக அவள் அந்த வீட்டில் எதையும் சாப்பிட்டதில்லை.

அண்ணன் கவரைப் பிரித்து டிக்கெட்டைப் படித்தார். "பணம் திரும்பாதுன்னு போட்டிருக்கு. நாம போறோம்."

"எதுக்குங்க? அங்கதான் ஒண்ணும் தெரியாதே..."

"உன்கிட்ட எனக்குக் கேக்க வேண்டியது நிறைய இருக்கு. ராத்திரியே வராத ஊராமே, தூங்காமக் கேக்கலாம்."

ஜூன் மாதம் வாசலில் கார் நின்றது. அண்ணி ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, பாப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்க ஜனவரியில போங்க. அமாவாசையை ஒட்டி. அப்பதான் வானம் நல்லா இருட்டா இருக்கும்."

"சரிங்க அண்ணி."

கார் தெருமுனையில் திரும்பும்வரை பாப்பா கையை ஆட்டினாள். பிறகு டிராவல்ஸ் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"ஜனவரின்னு சொல்றாங்கம்மா. எதுக்கும் சரிதானான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லு."