முனியாண்டி கோயில் துப்பாக்கியும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் கம்பாருக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவிப் பால் எடுத்து, சென்ற ஆண்டு அங்கேயே மறைந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். எங்கள் நால்வரையும் படிக்க வைத்தவர், தாம் மணம் செய்துகொள்ளவில்லை.

எழுபதுகளில், ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட மண்ணைப் புரட்டியபோது, ஜப்பான்காரன் சண்டை நடந்த மேட்டில் ஒரு துப்பாக்கி கிடைத்தது. கட்டை உளுத்து இரும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆயுதம் முனியாண்டிக்கே உரியது என்று தோட்டத்து மக்கள் முடிவு செய்தார்கள். பூசை செய்துவந்த அண்ணன் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இரண்டு அரிவாள்களுக்கும் ஒரு சூலத்துக்கும் நடுவே சாத்தி வைத்தார். துப்பாக்கி வைத்திருந்தால் தூக்குவரை போகும் காலம் அது. அங்கே ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

போலீசார் வந்தபோது, வைத்தது தாம்தான் என்று அண்ணன் முன்னே வந்து நின்றார். அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரை விடுவிக்க ஈப்போவில் நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். கடைசியில் ராணுவ அதிகாரி ஒருவர் அதைப் பார்த்தார். வெள்ளைக்காரன் படையில் இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த வகை என்றார். உள்ளே ஒரு குண்டு சுடப்படாமலே துருவோடு ஒட்டிக் கிடந்தது. இனி அது சுடாது என்றும் எழுதிக் கொடுத்தார்.

போலீஸ் நிலையத்தில் தமிழ் இன்ஸ்பெக்டர் அதைப் படித்துச் சிரித்தார். "அண்ணே, முனியாண்டிக்கு அரிவாளே போதும் லா. வீட்டுக்குப் போங்க."

அண்ணன் எழவில்லை. "துப்பாக்கிய நீங்களே வச்சுக்குங்க ஐயா. இத வச்சிருந்த சிப்பாய்ப் பையன் பேரு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

எண் துருவில் அழிந்துவிட்டது, பெயர் தெரிய வழியில்லை என்றார்கள்.

எண்பதுகளில் தோட்டம் காலியானது. தொழிலாளர் குடியிருந்த லயத்தின் இருபது கதவுகளில் அவருடையது மட்டும் திறந்திருந்தது. என்னோடு வந்துவிடும்படி ஒவ்வொரு முறையும் சண்டை போட்டேன்.

"உனக்கு வீடு நிறைய ஆளு இருக்கு தம்பி. மேட்டுல கெடக்குற அந்தப் பையனுக்கு யாரு இருக்கா?"

காய்ச்சலில் தனியாகப் போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்து பார்த்துச் சொல்லியனுப்பிய செம்பனைத் தொழிலாளர்களையும், ஈப்போ, தெலுக் இந்தான் ஊர்களிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர்களையும் எங்கள் குடும்பம் மறவாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் அண்ணன் அந்த மேட்டில் சிப்பாய்க்கு இலை போடுவார். பெயர் சொல்லி அழைக்க வேண்டுமே என்று தம் பெயரையே சொல்லுவார். உயிரோடிருப்பவர் பெயருக்குப் படைக்கலாமா என்று நான் கடிந்துகொள்வேன்.

இந்த ஆண்டு நான் போகிறேன். முழங்கால் இரண்டும் சரியில்லை, யாராவது துணைக்கு வாருங்கள். இலை இரண்டு போட வேண்டும். ஒரே பெயரைச் சொன்னால் போதும்.