மஞ்சள் தண்ணீரும் சம்மர் டயரும்

1. நாலு உள்ளங்கை

இருபத்திரண்டு வருடமாகக் கார் டெலிவரி செய்கிறேன். கனடாவில், மிசிசாகா நகரில் ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் ஒரு கடை. கார் வாங்கியவரிடம் திறப்பை, அதாவது சாவியை, கொடுத்து, எந்த பட்டன் எதற்கு என்று விளங்கப்படுத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் என் வேலை. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான், ஒரு வாடிக்கையாளரின் மனைவி காருக்கு முன்னால் நிற்கும்போது, "பிரேக்கில இருந்து காலை எடுங்கோ" என்று அந்த வாடிக்கையாளரைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் டயரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கடைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை சம்மர் டயரோடுதான் வரும். ஆடி மாதத்தில் அந்த டயரை அழுத்திப் பார்த்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும்போல் இருக்கும். ரோட்டைப் பிடித்தால் லேசில் விடாது. குளிர் ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். மைனஸ் ஒன்பதில் நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டிய சத்தம் கேட்கும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கறுப்பு அதே கறுப்பு, பட்டை அதே பட்டை.

கார் தரையைத் தொடுவது நாலு இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். நானூறு குதிரைச் சக்தி, ஆயிரத்து அறுநூறு கிலோ இரும்பு, உள்ளே இருக்கிற உயிர்கள், எல்லாம் அந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான் போகின்றன. இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கும்.

2. "சொந்தக் காலில வரவேணும்"

ரகுவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வீடுகளுக்கு ஏசி பூட்டும் தொழில். ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஓர் அடுக்குமாடியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, ஸ்காபரோவிலேயே ஒரு வீடு வாங்கிக் குடிபோனவர். சின்ன வயதில் இருந்தே ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் ஆசை. அவருடைய மனைவி வதனிக்கு அந்தக் கார் துண்டறப் பிடிக்கவில்லை. கடைக்கு வந்த அன்றைக்கே, "இதுக்குள்ள ஒரு அரிசி மூட்டை வைக்க இடமிருக்கோ அண்ணை?" என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

வசந்தத்தில் ஓடர் பண்ணிய கார் நவம்பர் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. கார் வந்துவிட்டது, அதற்கான வின்டர் டயர் வரவில்லை. அந்த சைஸ் எங்கேயும் கையிருப்பில் இல்லை. எங்கள் மேனேஜர் கார்த்திக் சென்னைக்காரர், என்னைவிட வயதில் இளையவர், தொழிலில் கெட்டிக்காரர்.

"அண்ணே, புதன்கிழமைக்கு வெதர் ரிப்போர்ட்ல மைனஸ் ஒன்பது போட்டிருக்கான். சம்மர் டயர்ல ஓட்ட வேணாம். டயர் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணச் சொல்லுங்க. அவசரம்னா ஃப்ளாட்பெட்ல ஏத்தி அனுப்பிடலாம்" என்றார். ஃப்ளாட்பெட் என்றால் காரை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் லொறி.

நான் ரகுவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அண்ணை, கார்ப் பூசைக்கு நாள் வைச்சாச்சு" என்றார் அவர். "புதன்கிழமை காலமை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். அதை விட்டா இனித் தை மாசம்தான்."

"அப்ப ஃப்ளாட்பெட்டில கொண்டுவாறம்."

"புதுக் காரைக் கட்டித் தூக்கிக்கொண்டு வாறதோ? உது என்ன, அக்சிடென்ட் பட்ட காரோ? வாசலுக்குச் சொந்தக் காலில வரவேணும் அண்ணை."

அந்த இடத்தில் நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. முப்பது வருடம் இந்தக் குளிரில் ஓடியவன், எனக்குத் தெரியாத பனியா என்ற நினைப்பு. அதோடு, ரகு சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. நானும் முதல் கார் வாங்கியபோது தேங்காய் உடைத்தவன்தானே. நானே மெதுவாகக் கொண்டுபோகிறேன் என்று கார்த்திக்கிடம் சொன்னேன்.

"உங்க இஷ்டம்ணே. ரோடு காய்ஞ்சுதான் கிடக்கு. ஆனா ஐஸ் மேல மட்டும் ஏத்திடாதீங்க" என்றார் அவர்.

புதன்கிழமை விடிய வெளிக்கிட்டேன். ஹைவேக்கு ஏறும் வளைவில் நாற்பதில்தான் போனேன். அக்ஸிலரேட்டரைக் கொஞ்சம், ஒரு விரல் அளவு, அழுத்தினேன். காரின் பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லாமல் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தது. பிறகு தானாகவே திரும்பி வந்து நேரானது. நான் ஒன்றும் செய்யவில்லை, செய்ய நேரமும் இருக்கவில்லை.

அதன் பிறகு ஸ்காபரோ வரையும் வலது லேனில்தான். பனித்தூள் ரோட்டுக்குக் குறுக்கே பாம்பு பாம்பாக ஓடிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த பழைய வான்கள் எல்லாம் வின்டர் டயரில் என்னைத் தாண்டிப் போயின. ஒரு வான்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குளிரின் மேல் பெரிய மரியாதைதான் வந்தது. இவ்வளவு பெரிய எஞ்சினை, வெளியே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிற ஒன்று இப்படி அடக்கி வைத்திருக்கிறதே என்று வியந்துகொண்டே போனேன்.

3. வாசல்

ரகுவின் வீட்டு டிரைவ்வே, கார் விடும் கராஜில் இருந்து வரும் பாதை, ரோட்டை நோக்கிச் சரிந்து இறங்கும். நான் போனபோது காய்ந்து கிடந்தது. காரை நான் ரிவேர்ஸில் ஏற்றி, முகம் ரோட்டைப் பார்க்க கராஜுக்குப் பக்கத்தில் விட்டேன். பிறகு ரகு தன் பழைய வானைக் கொண்டுவந்து ரோட்டோரமாக, டிரைவ்வே வாசலை மறித்து நிறுத்தினார். சில்லுக்கு முன்னால் வைக்கும் தேசிக்காய்க்கு, அதாவது எலுமிச்சங்காய்க்கு, மேலே நாலடி உருண்டால் போதும், அதோடு பூசை முடிந்தது, பத்து மணிக்குத்தான் ஓடிப் பார்ப்பது என்று பேச்சு.

கையெழுத்து வாங்க உள்ளே போனோம். தேத்தண்ணி குடித்தோம். அந்த அரை மணித்தியாலத்தில் வதனி வெளியே வேலையாக நின்றார். கார் வாங்குவது பிடிக்காவிட்டாலும் பூசையில் ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள். வாசலைக் கழுவாமல் நல்ல காரியம் செய்வதா? ஒரு வாளி சுடுதண்ணியில் மஞ்சள் கரைத்து, காருக்கு முன்னால் டிரைவ்வே முழுக்க ஊற்றி, தும்புத்தடியால் கூட்டிவிட்டார். முதல் நாளே வாங்கிக் கராஜில் வைத்திருந்த நாலு தேசிக்காயையும் நாலு சில்லுக்கும் முன்னால் வைத்தார். ஐஸ் பிடிக்காமல் இருக்க வழக்கமாக டிரைவ்வேயில் உப்புப் போடுவார்களாம். புதுக் காரில் துருப் பிடிக்கும், இன்றைக்கு ஒரு கல் உப்பும் போடக்கூடாது என்று ரகு காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்.

நான் வெளியே வந்தபோது டிரைவ்வே மஞ்சளாகப் பளபளத்தது. கண்டேன். மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது தண்ணீர் இல்லை, இதற்குள் கண்ணாடி ஆகியிருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. நான் செய்த இரண்டாவது பிழை அது.

ரகு ஸ்டீயரிங்கில் இருந்தார். நான் பக்கத்து சீட்டில். வதனி முன்னால் நின்று ஆலாத்தி எடுத்துவிட்டு, தட்டோடு பின்னுக்கு நடந்து, வானில் முதுகு படுகிற மாதிரி நின்றுகொண்டார். சேலைக்கு மேலே பெரிய வின்டர் ஜக்கெட், காலில் பூட்ஸ். "ம்ம், எடுங்கோ" என்று கை காட்டினார்.

ரகு பிரேக்கை விட்டார். கார் அசையவில்லை. இரவு முழுக்கக் கராஜில் கிடந்த தேசிக்காய் கல்லாக உறைந்திருந்தது. நசிய மாட்டேன் என்றது. "என்னண்ணை இது" என்று சொல்லிக்கொண்டே ரகு அக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினார். கார் ஒரு துள்ளுத் துள்ளி அவற்றைத் தாண்டிவிட்டது. அவர் உடனே பிரேக்கை அடித்தார். சில்லு நாலும் நின்றன. கார் நிற்கவில்லை.

அந்தச் சில வினாடியை என்னால் மறக்க முடியாது. ஆள் நடக்கிற வேகம்தான். சத்தமே இல்லை. எஞ்சின் சாதுவாக முனகிக்கொண்டிருந்தது. ரகு பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்துவிட்டார். வலப்பக்கம் புல்தரையும் ஒரு மேப்பிள் மரமும். கார் ஸ்டீயரிங்கைக் கணக்கெடுக்காமல் நேரே வதனியை நோக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் வான். அவர் தட்டோடு அப்படியே நின்றார்.

"பிரேக்கில இருந்து காலை எடுங்கோ!" என்று கத்தினேன்.

"வதனி நிக்கிறா!"

"அதுக்குத்தான் சொல்லுறன், எடுங்கோ! எடுத்தாத்தான் திரும்பும்!"

இந்த வேலைக்கு முன், ரெக்ஸ்டேல் பக்கம் பீட்சா கொண்டு திரிந்த காலத்தில் என் உடம்பில் ஏறிய பாடம் அது. நின்றுபோன சில்லுக்குத் திசை கிடையாது. உருளுகிற சில்லைத்தான் திருப்பலாம். எனக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது. தெரியாத ஒரு மனுசன், தன் பெண்சாதி முன்னால் நிற்க, பக்கத்தில் இருக்கிற அந்நியன் ஒருவன் சொன்னான் என்பதற்காகக் காலை எடுத்தார். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறை வதனியைப் பார்த்தார். பிறகு எடுத்தார்.

சில்லுகள் உருண்டன. கார் ஒரு கணம் வேகம் பிடித்தது. பிறகு முன்பக்கம் வலப்பக்கம் வெட்டித் திரும்பி, உறைந்த புல்லில் ஏறி, மேப்பிள் மரத்தில் போய் மோதி நின்றது. கார் திரும்பியபோது வதனிக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்கூட இருந்திருக்காது. அவருடைய ஜக்கெட்டில் பனித்தூள் பறந்து போய் ஒட்டியிருந்தது.

ரகு ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதார். உடைந்த லைட்டை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. வதனி ஓடி வந்து, "ரெண்டு பேருக்கும் ஒண்டும் இல்லையே?" என்று கதவைத் தட்டினார். கதவைத் திறக்கும் முன் ரகு என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, நான் பிரேக்கை விட்டனான் எண்டு அவளுக்குச் சொல்லாதேங்கோ. அவளுக்கு அது மட்டும்தான் கேக்கும், ஏன் விட்டனான் எண்டது கேக்காது."

சொல்லமாட்டேன் என்றேன். கடைக்குத் திரும்பி, கார்த்திக்கிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்ணே" என்றார். அடுத்த நாள் அவர் அனுப்பிய ஃப்ளாட்பெட் அந்தக் காரைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தது.

4. வதனி கேட்ட கேள்வி

மூன்று கிழமை கழித்து, கார் திருத்தி வின்டர் டயரும் பூட்டி ரெடியாக நின்றது. ரகுதான் எடுக்க வருவார் என்று பார்த்திருந்தேன். வதனி தனியே வந்தார். திறப்பை நீட்டினேன், வாங்கவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ தங்கச்சி."

"அண்டைக்கு நான், தேசிக்காய் நசியுதோ எண்டு சில்லைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான். சில்லு நிண்டதைக் கண்டனான். பிறகு நான் நிக்கேக்கையே அது திரும்பவும் சுத்தத் தொடங்கினதையும் கண்டனான்." குரல் அமைதியாகத்தான் இருந்தது. "அவர் ஏன் காலை எடுத்தவர்?"

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பெண் மூன்று கிழமை அந்த வீட்டில் இருந்திருக்கிறார்.

"அவரிட்டைக் கேக்கேல்லையோ?"

"என்னெண்டு கேக்கிறது? கேட்டு, அவர் மாறி ஒண்டைச் சொன்னா? ஒவ்வொரு நாளும் சாப்பாடு கட்டிக் குடுத்து வேலைக்கு அனுப்பிப்போட்டு, பிறகு இருந்து யோசிப்பன்."

ரகுவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அதைக் காப்பாற்றுவதில் இனி ஒரு புண்ணியமும் இல்லை என்று தெரிந்தது. வதனியை சர்வீஸ் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். தரை அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தது. அந்தக் காரிலிருந்து கழற்றிய சம்மர் டயர் ஒன்றைப் படுக்கப் போட்டு, "காலால தள்ளுங்கோ" என்றேன். தள்ளினார். நேரே போனது. "இப்ப போற வழியில திருப்புங்கோ பாப்பம்" என்றேன். இன்னொரு தரம் தள்ளிவிட்டுக் குனிந்து பிடித்துத் திருக்கினார். டயர் சுழன்றது, ஆனால் போன வழியிலேயே போனது. பிறகு அதை நிமிர்த்தி உருட்டச் சொன்னேன். உருட்டிக்கொண்டு போனவர் ஒரு கையால் லேசாகச் சாய்த்தார். டயர் சொன்ன பக்கம் திரும்பியது.

வதனி அந்த டயரைப் பிடித்தபடி நின்றார்.

"நான்தான் காலை எடுக்கச் சொல்லிக் கத்தினனான். நீங்கள் நிக்கிறியள் எண்டு அவர் சொன்னவர். எடுத்தாத்தான் திரும்பும் எண்டு நான் சொல்ல, எடுத்தவர்" என்றேன்.

"நீங்கள் சொன்ன உடனையோ?"

"உடனை இல்லை. உங்களைப் பார்த்தவர். பிறகுதான் எடுத்தவர்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. டயரைச் சுவரோடு கவனமாகச் சாத்தி வைத்தார். "நான் வந்து கேட்டது அவருக்குத் தெரிய வேண்டாம் அண்ணை" என்றார்.

"இல்லைத் தங்கச்சி. ஒருக்கா வாயை மூடிக்கொண்டு இருந்து நான் பட்டது போதும். நீங்களே அவரிட்டைச் சொல்லுங்கோ."

டெலிவரி வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். மாட்டேன் என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிவிடுங்கள். மீறி ஏதாவது நடந்துவிட்டால், நடந்ததைச் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அன்றைக்கே விளக்கிச் சொல்லிவிடுங்கள், அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

நான் அப்படிச் சொன்னதும் வதனி ஜக்கெட்டுக்குள் இருந்து போனை எடுத்தார். நான் விலகிப் போகத் திரும்பினேன், அதற்குள் மறுமுனையில் ரகு எடுத்துவிட்டார்.

"இஞ்சருங்கோ" என்றார் வதனி. "அண்டைக்கு நீங்கள் காலை எடுத்ததை நான் கண்டனான்."

வதனி சுவரோடு சாத்தியிருந்த டயரில் கையை வைத்தார்.

"எடுத்தது சரியாம்" என்றார்.