முருங்கை முறிந்த மழைநாள்

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு நாங்கள் சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் வாடகைக்குக் குடியிருந்தோம். வீடு சின்னதுதான். ஆனால் பின்பக்கம் நாலு கார் நிறுத்தலாம் போல மண் இடம் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் நான் அந்த வீட்டுக்குச் சம்மதித்தேன். பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் எனக்கு அங்கேதான் பொழுது போகும். நர்சரியில் வாங்கிய ரோஜா, பையில் வைத்த தக்காளி, வீடியோ பார்த்து ஆசைப்பட்ட குடைமிளகாய் என்று ஒவ்வொன்றையும் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரத்தில் என் கணவரின் தங்கை ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினாள். அவளைத் திருப்பூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்த பிள்ளையும் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அவளும் பேச்சை விட்டுவிட்டாள். போய்க் கூட்டி வரவா என்று அண்ணன் போனில் கேட்டதற்கு, வேண்டாம், நானே வாரேன் என்று மட்டும் சொன்னாளாம்.

எங்களோடு அவள் இருந்த முதல் சில மாதங்களும் அப்படியேதான் போயின. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பின் அறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நானும் என் கணவரும் மாறி மாறி ஆறுதல் சொன்னோம். கோயிலுக்குக் கூப்பிட்டோம், சினிமாவுக்குக் கூப்பிட்டோம். எங்கள் மகளை விட்டுப் பேச வைத்துப் பார்த்தோம். அவள் முகத்தையே பார்த்துப் பார்த்து எங்களுக்கும் களைத்துப்போனது.

பங்குனி பிறந்ததும் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதே தெரியாது. வந்ததைக் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டால், செடிக்கு எங்கே ஊற்ற? ரோஜா முதலில் போனது. குடைமிளகாய் ஒரே வாரத்தில் சுருண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கி மூலையில் போட்டேன். வெறுப்பில் அழுகைகூட வந்தது.

அப்போது அவள் பின்வாசலில் வந்து நின்றாள். துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தவள், "மதினி, இந்தத் தண்ணி எங்கன போவுது?" என்றாள்.

வந்த நாளிலிருந்து அவளாக வாய் திறந்து கேட்டது அதுதான். பதறிப்போய், வாறுகாலுக்குத்தான், தெருச் சாக்கடைக்குத்தான் போகிறது என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கல்லடியிலிருந்து சுவரோரம் வரை மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியிருந்தாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் இனி அந்த வழியாகத்தான் ஓடும் என்று தெரிந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கீரைக்கார அம்மாவிடம் சொல்லி ஒரு முருங்கைப் போத்து வாங்கினாள். கை கனத்துக்கு வெட்டிய கிளையைத்தான் இங்கே போத்து என்பார்கள். வேலியில் படர்ந்து கிடந்த பிரண்டையில் நாலு கணு ஒடித்து வந்து நட்டாள். எதிர்வீட்டில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருந்தார். அவர் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுத்தால் நாங்கள் பொங்கலுக்குக் கரும்பு கொடுப்போம், அந்த அளவுக்குப் பழக்கம். அவர் வீட்டில் இருந்து தவசிக்கீரைக் குச்சிகளை என்னை வாங்கிவரச் சொன்னாள். அவள் மட்டும் தெருவில் இறங்கவில்லை. யாராவது பிள்ளையைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். சுண்டையும் மணத்தக்காளியும் யாரும் வைக்காமலே முளைத்தன. அவள் பிடுங்காமல் விட்டாள், அவ்வளவுதான்.

சந்தோஷத்தில் நான் நர்சரிக்குப் போய் இரண்டு தக்காளி நாற்றும் ஒரு ரோஜாவும் வாங்கி வந்தேன். அவள் கையில் வாங்கவே இல்லை.

"பாத்துப் பாத்து வளக்குறது எனக்கு வேண்டாம் மதினி. வெட்டுனாலும் காஞ்சாலும் தன்னால வருமே, அது போதும்."

நாற்றைத் திரும்பக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டு வந்தேன்.

முருங்கைப் போத்துதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஊன்றி வாரக்கணக்காகியும் ஒரு துளிர் இல்லை. மொட்டைக் கட்டையாக நின்றது. அதுவும் பட்டுப்போனால் இவள் மறுபடியும் அந்த அறைக்குள் போய் முடங்கிவிடுவாளோ என்று என் கணவருக்குப் பயம். அவள் பார்க்காத நேரத்தில் அதைப் பிடுங்கிவிட்டு வேர் விட்ட வேறொன்றை நட்டுவிடலாமா என்றுகூட என்னிடம் கேட்டார். நான்தான் பொறுங்கள் என்றேன். கடைசியில் ஒரு காலை அதன் நுனியில் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தது. ஓடிப்போய் அவளைக் கூட்டி வந்து காட்டினேன். "வரும்னு தெரியும் மதினி. அதான் நான் அதைப் பாக்கவே இல்ல" என்றாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

அடுத்த வருடம் ஐப்பசிக்குள் அந்த மண் இடம் காடாகிவிட்டது. முருங்கை கூரையைத் தாண்டியது. பிரண்டைத் துவையல், தவசிக்கீரைக் கூட்டு, சுண்டைக்காய் போட்ட புளிக்குழம்பு என்று சமையலறை அவள் கைக்குப் போனது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் வாசலைத் தாண்டுவது மட்டும் இல்லை. அதுவும் எதிர்வீட்டு டீச்சரின் மகள் பேறுகாலத்துக்கு வந்த பிறகு, வாசல் கோலம் போடக்கூட வரமாட்டாள். பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். நாங்களும் அதைக் கவனிக்காதது போல இருந்துகொண்டோம்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு மத்தியானம் சுழன்று அடித்த காற்றில் முருங்கை நடுவில் முறிந்து விழுந்தது. சத்தம் கேட்டு ஓடினேன். பாதி மரம் தவசிக்கீரை மேல் கிடந்தது. எனக்கு மரம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இவளை எப்படித் தேற்றப்போகிறோம் என்பதுதான் கவலையாக இருந்தது.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையிலேயே இறங்கினாள்.

"அருவாள எடுங்க மதினி. தடியா இருக்கிறத நறுக்கி வைப்போம். யாருக்காவது ஊனக் குடுக்கலாம்."

இருவருமாக நறுக்கினோம். இலை மட்டுமே ஒரு கட்டில் நிறையக் குவிந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு டீச்சர் குடையோடு வந்து நின்றார். மழையில் மார்க்கெட்டில் ஒன்றுமே இல்லை, பிள்ளை பெற்றவளுக்குப் பால் பற்றவில்லை, கொஞ்சம் முருங்கைக்கீரை கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் சட்டென்று முந்திக்கொண்டு, நீங்கள் போங்கள் டீச்சர், நான் ஆய்ந்து கொண்டு வருகிறேன் என்று அனுப்பி வைத்தேன். இவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

அவள் உட்கார்ந்து இலையை ஆய்ந்தாள். பழுப்பு ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கினாள். பூண்டு உரித்து ஒரு தாளில் மடித்தாள். எழுந்து ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு குடையை எடுத்தாள்.

"நானே குடுத்துட்டு வாரேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கொடுத்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? விளக்கு வைக்கிற நேரமாகியும் காணோம். என் கணவர் வேலை விட்டு வந்து, எங்கே அவள் என்று கேட்க, நான் எதிர்வீட்டைக் காட்டினேன். நம்பாமல் என்னையே பார்த்தார்.

அவள் வந்தபோது மழை விட்டிருந்தது. சேலையின் மடிப்பக்கம் மட்டும் ஈரம். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பய மடியிலேயே ஒண்ணுக்குப் போயிட்டான் மதினி" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். அன்றைக்குத்தான் அவள் அழுது நாங்கள் பார்த்தோம். அவள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு முருங்கைப் போத்துகளைத் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள்தான். பிறகு மேலநீலிதநல்லூர் பக்கம் பெண் பிள்ளைகள் தங்கும் ஒரு விடுதியில் பொறுப்பாளராக வேலை கிடைத்துப் போனாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். மறுகல்யாணப் பேச்சு எடுத்தால் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்கு மாறிவிடுவாள்.

நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டோம். வீட்டுக்காரர் பின்பக்க இடத்தில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்தப் பக்கம் போனால் என் கால் தானாக நிற்கும். ஈர மண் வாசமும், கல்லில் துணி அடிக்கும் சத்தமும், சேலையைச் செருகிக்கொண்டு கீரை ஒடிக்கும் அவள் உருவமும் நினைவில் வந்து போகும். இப்போது நாங்கள் இருப்பது மாடி வீடு. கையளவு மண் கிடையாது.

அந்த முதல் மாதங்களில் அவளைத் தேற்ற வேண்டும் என்று நாங்கள் பட்ட அவசரம் அவளுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று பின்னால்தான் புரிந்தது. இப்போது வளர்ந்துவிட்ட என் மகள் முகம் வாடி வந்து உட்காரும் நாட்களில், எதுவும் துருவிக் கேட்காமல் சோற்றைப் போட்டுவிட்டு, அவளாகப் பேசும் வரை பக்கத்திலேயே என் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.