கொடுவா என்று சொன்ன மாலை

மாயவரத்தில் காலை எட்டே முக்காலுக்குக் காரைக்கால் பேருந்து பிடித்தேன். பேரளம், திருநள்ளாறு வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எண்பதுகளின் தொடக்கம் அது. கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தபடியே கொடுவா மீனைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மறைந்திருந்து, வருகிற மீனை ஒரே வாயில் விழுங்கும் மீன் அது. எனக்கு வேண்டியிருந்தது முழங்கை நீளமே உள்ள ஒரு சின்னப் பெண் கொடுவா. இரண்டு வருடமாக நான் அறுத்துப் பார்த்த சிறிய மீன்கள் அத்தனையும் ஆண். பெரியவை அத்தனையும் பெண். எங்கோ தப்பு செய்கிறாய் என்றார் என் பேராசிரியர்.

பதினொன்றரைக்குக் காரைக்காலை ஒட்டிய மீனவ ஊரான கருக்களாச்சேரி சேர்ந்தேன். நண்பர் ஒருவர் எனக்காகச் சொல்லிவைத்திருந்த மீனவர் அஞ்சப்பனின் வீட்டு வாசலில் அவர் மனைவி குப்பம்மாள் அரிவாள்மணையில் உட்கார்ந்து எனக்காக ஒன்பது மீன்களை அறுத்தாள். ஒன்பதும் ஆண்.

"சின்னதுல பொம்பள கிடையாதுங்க சார்" என்றாள்.

"அப்போ பெரிய பொம்பளைங்க எங்கேருந்து வருது?"

அவள் கை நின்றது. "அந்த ஆம்பளைங்க எல்லாம் எங்க போவுதுன்னு கேளுங்க."

நான் நோட்டில் ஒன்பது ஆண் என்று எழுதிக்கொண்டேன்.

மாலை நாலரைக்கு அஞ்சப்பன் என்னைத் தோணிக்கு அழைத்துப்போனார். ஏறுமுன் நிறுத்தினார். "தண்ணியில அது பேரைச் சொல்லாதீங்க சார். பெரியவன்னு சொல்லுங்க. 'பெரியவ', பொம்பள."

"கொடிய வாய், இல்லாட்டி வளைஞ்ச வாய். அதானே பேருக்கு அர்த்தம்?"

"அது உங்க படிப்பு. பிரிச்சுச் சொல்லிப் பாருங்க. கொடு. வா. தண்ணியில நின்னுக்கிட்டு யாரு யாரைக் கூப்புடுறது?"

சிரிக்காமலேயே சொன்னார்.

ஐந்தே முக்கால். அரசலாற்று முகத்துவாரத்தில் காற்று அடங்கிவிட்டது. அலைச் சத்தம்கூட எங்கோ தள்ளிப்போனதுபோல இருந்தது. அஞ்சப்பன் இரைக்கு உயிருள்ள மடவை மீனைத் தூண்டிலில் கோத்து விட்டு, நைலான் நூலைக் கையில் பிடித்திருந்தார். கரையோரப் புதரடியில் பளார் என்று ஒரு சத்தம், ஈரப் பலகையால் தண்ணீரை அறைந்ததுபோல. மீன் தெரியவில்லை, வளையங்கள் மட்டும் விரிந்தன. மறுபடி ஒன்று, இன்னும் பக்கத்தில்.

"கொடுவா!" என்றேன், என்னை மறந்து.

அஞ்சப்பன் திரும்பிப் பார்த்தார். அதே நொடியில் நூல் பாய்ந்தது. அவர் இடது கையை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியது. தோணி சாய்ந்து கடல் பக்கம் இழுபட்டது. பிறகு இழுப்பு நின்றது. நூல் மட்டும் தளரவில்லை. சாய்ந்த வெயிலில், தண்ணீருக்குக் கீழே இரண்டு கண்கள், கங்குபோல. அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கத்தி... கத்திய எடுங்க சார்."

கத்தி என் முழங்காலருகே கிடந்தது. நான் எடுக்கவில்லை. அந்த மீன் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அவர் விரல்களிலிருந்து ரத்தம் நூல்வழியே சொட்டியது. அப்போதுதான் அறுத்தேன். கண்கள் அணைந்தன.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நடுவிரல் இனி மடங்காது என்றார் டாக்டர். நூல் இவ்வளவு ஆழமாக அறுக்கும்வரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்.

"கத்தி உடனே கைக்குக் கிடைக்கலைங்க" என்றார் அஞ்சப்பன்.

கொடுவா ஆணாகவே முதிர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறுகிறது என்று பிற்பாடு ஓர் ஆய்விதழில் படித்தேன். என் கையில் தப்பில்லை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்குக் காரைக்கால் பேருந்து நிலையத்தில் நின்றபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. கைக்கட்டோடு அஞ்சப்பன் வழியனுப்ப வந்திருந்தார். ஏறி உட்கார்ந்தேன். வண்டி உறுமியது. ஜன்னல் வழியே தலையை நீட்டினேன்.

"கத்தி என் பக்கத்துலதான் கிடந்துச்சு. நான்தான்..."

"தெரியும் சார்" என்றார். "கத்தின்னு கேக்க எனக்கும் நேரமாச்சு. அது பாத்துக்கிட்டேல்ல இருந்துச்சு. அப்படியே தண்ணியில இறங்கி அதுகூடவே போயிடலாம்னு தோணிச்சு எனக்கு."

பேருந்து நகர்ந்தது. அவர் நல்ல கையைத் தூக்கிக் காட்டினார்.